மொண்டெஜியா தவறவிட்ட முறிவு

மிலான் நகரத்துச் சத்திர வைத்தியர் ஜியோவன்னி பத்திஸ்தா மொண்டெஜியா, தாம் தவறவிட்ட ஒரு முறிவை மறைக்காது 1814இல் எழுதி வைத்தார். சிறுமி ஒருத்தியின் முன்கையில் அரந்தி எலும்பு மட்டுமே முறிந்ததென எண்ணிக் கட்டுப்போட்டார். ஒரு மாதத்தின்பின் கட்டவிழ்த்து முன்கையை நீட்டியபோது, அடுத்துள்ள ஆரை எலும்பின் தலை முழங்கை மூட்டைவிட்டு விலகியது. அழுத்தியும் அது நிலைக்கவில்லை.

ரொண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895இலேதான். படம் பிடிக்கும் இக்காலத்திலும், குழந்தைகளிடம் அரிதாய்க் காணும் இக்காயம் சிலவேளை கண்ணுக்குத் தப்பிவிடுகின்றது. ஆதலால், அரந்தி முறிந்தால் முழங்கையையும் படம் பிடித்து, ஆரையின் தலை தன்னிடத்தில் உள்ளதா என்று வைத்தியர் நோக்குவர். உடனே அறிந்தால், அரந்தியை நேராக்கியதும் ஆரை பெரும்பாலும் தானே பொருந்தும். பிந்தினால் கடினமான சத்திர சிகிச்சை வேண்டியிருக்கும்.

அச்சிறுமிக்கு உதவாத அறிவு, ஒரு வைத்தியரின் நேர்மையால் பின்வந்த குழந்தைகளுக்கு உதவியது.