சல்லிசு ப்ளேயரில் சிடி: விலையைக் குறைத்தது கணக்கு

மலிவான டிவிடி ப்ளேயரில் சிடி போட்டுப் பாட்டு கேட்கிறேன் என்று யாராவது சொன்னால், "அதுல எப்படிங்க நல்ல சவுண்டு வரும்?" என்று கேட்க ஒருத்தர் இருப்பார். கேள்வி நியாயமானதுதான். இசைத்தட்டு, கேசட் காலத்தில் காசு போட்டால் தரம் கூடியது. நல்ல ஊசி, நல்ல ஹெட், சீராகச் சுற்றும் மோட்டார் எல்லாமே காதுக்குத் தெரியும். அதே பழக்கத்தில் சிடிக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டோம். ஆனா சிடியோட வரலாறு வேற மாதிரி இருக்கு.

தட்டுக்குள்ளேயே ஒரு இன்ஷூரன்ஸ்

1980-ல் பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து ரெட் புக் என்ற விதிமுறையை வகுத்தன. இரண்டு சேனல், நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். அது என்ன 44,100? அன்றைக்கு டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிவு செய்தார்கள். ஒரு வரிக்கு 3 மாதிரி, ஒரு ஃபீல்டுக்கு 245 வரி, நொடிக்கு 60 ஃபீல்டு. பெருக்கிப் பாருங்க, அதே எண் வரும்.

இதைவிட முக்கியமானது பிழைதிருத்தம். 1960-ல் இர்விங் ரீட், கஸ்டாவ் சாலமன் என்ற இருவர் ஐந்து பக்கத்தில் ஒரு கணிதக் கட்டுரை எழுதினார்கள். கூடுதலாகச் சில எண்களைச் சேர்த்து அனுப்பினால், வழியில் சிதைந்துபோனதைத் திரும்பக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம் என்பது அதன் சாரம். சிடியில் ஒவ்வொரு 24 பைட் இசைக்கும் 8 பைட் இந்தக் காவல் எண்கள் உண்டு. அதோடு, அடுத்தடுத்த பைட்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல் தடத்தில் தள்ளித் தள்ளிக் கலைத்துப் போட்டிருப்பார்கள். ஒரு கீறல் விழுந்தால் ஒரே இடத்தில் பெரிய ஓட்டை விழாது. பல இடங்களில் சின்னச் சின்ன ஓட்டையாகச் சிதறும். தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளம் மொத்தமாகப் போனாலும், போன பிட்டை ஒன்று விடாமல் மீட்டுவிட முடியும். அதற்கும் மேல் போனால்தான் ப்ளேயர் முன்னும் பின்னும் பார்த்து ஊகித்து நிரப்பும்.

அதனால், தடத்தை விட்டு விலகாமல் படிக்கத் தெரிந்த ப்ளேயர் எதுவானாலும், நல்ல நிலையில் உள்ள தட்டிலிருந்து அது எடுப்பது அதே எண்களைத்தான். விலை கூடினால் எண்கள் மாறாது.

முதல் ப்ளேயர்களும் 14 பிட் தந்திரமும்

1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் சோனியின் சிடிபி-101 விற்பனைக்கு வந்தது. விலை 1,68,000 யென். அந்த விலையிலும் இடது, வலது இரண்டு சேனலுக்கும் சேர்த்து ஒரே ஒரு டிஜிட்டல்-அனலாக் மாற்றிதான் உள்ளே இருந்தது, மாறி மாறி வேலை பார்த்தது.

பிலிப்ஸிடம் அப்போது இருந்த மாற்றி வெறும் 14 பிட். 16 பிட் தட்டை 14 பிட் சில்லில் எப்படி வாசிப்பது? மாதிரி வேகத்தை நான்கு மடங்காக்கி, மிச்சப் பிழையைக் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் பக்கம் தள்ளிவிட்டார்கள். 14 பிட் சில்லில் கிட்டத்தட்ட 16 பிட் தரம் கிடைத்தது. பொருளில் இருந்த குறையைக் கணக்கு ஈடுகட்டியது.

இதே தந்திரத்தை எல்லை வரைக்கும் கொண்டுபோனதுதான் 1980-களின் கடைசியில் வந்த 1 பிட் மாற்றிகள். பழைய 16 பிட் மாற்றிக்கு 65,536-ல் ஒரு பங்கு துல்லியமான உள்பாகங்கள் தேவை. லேசரால் செதுக்கிச் சரிசெய்கிற அளவுக்குச் செலவு பிடிக்கும் வேலை. 1 பிட் மாற்றிக்கு அந்தச் செதுக்கல் தேவையில்லை. சாதாரணச் சில்லுக்குள்ளேயே அடக்கிவிடலாம். நல்ல ஒலி சல்லிசாகக் கிடைக்க ஆரம்பித்தது இங்கிருந்துதான்.

ஹெஃபெயிலிருந்து ரிச்சி தெரு வரை

1993-ல் விசிடிக்கான விதிமுறை வந்தது. அதே ஆண்டு சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில், ஹெஃபெய் நகரத்து வான்யான் நிறுவனம் சீ-கியூப் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வீடியோ சில்லை வைத்து விசிடி ப்ளேயர் ஒன்றைச் செய்து காட்டியது. பிறகு ஏராளமான சீனத் தொழிற்சாலைகள் அதே வேலையில் இறங்க, விலை சரிந்தது. சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் இந்தப் பெட்டிகள் குவிந்ததை அந்தக் காலத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

விசிடி ப்ளேயர் என்பது அடிப்படையில் ஒரு சிடி ப்ளேயர், அதன் தலையில் ஒரு வீடியோ சில்லு. படம் பார்க்க வாங்கிய குடும்பத்துக்கு இசைச் சிடி ப்ளேயர் இலவச இணைப்பாக வீட்டுக்கு வந்தது. அடுத்து டிவிடி வந்தபோதும் இதே கதைதான். மீடியாடெக் போன்ற தைவான் நிறுவனங்கள் முக்கால்வாசி வேலையை ஒரே சில்லுக்குள் அடக்கிவிட்டன.

மலிவுப் பெட்டிகளில் ரொம்பப் பிரபலமானது என்று பார்த்தால், அது விளையாட்டுச் சாதனம். 1994-ல் வந்த சோனி ப்ளேஸ்டேஷனின் ஆரம்ப மாடல்களில் பின்பக்கம் நேரடி ஆடியோ ஜாக்குகள் இருந்தன. பிற்காலத்தில் பழைய சாமான் விலைக்குக் கிடைத்த அதை ஆடியோ பிரியர்கள் தேடித்தேடி வாங்கினார்கள். 2008-ல் அமெரிக்க ஸ்டீரியோஃபைல் பத்திரிகை அதைச் சிடி ப்ளேயராகவே எடுத்து மதிப்புரை எழுதியது.

அப்ப குறையே இல்லையா?

இருக்கு. ஆனா நாம தேடுற இடத்துல இல்ல.

முதல் குறை இயந்திரப் பகுதி. அந்த ஆரம்ப ப்ளேஸ்டேஷனிலேயே லேசர் நகரும் தடம் பிளாஸ்டிக். தேய்ந்ததும் தட்டு தாவும். பெட்டியைக் கவிழ்த்து வைத்து ஓட்டியவர்கள் ஏராளம்! கீறல் விழுந்த தட்டில்தான் நல்ல ப்ளேயரின் அருமை தெரியும்.

இரண்டாவது, டிவிடியின் சிவப்பு லேசர். அதன் அலைநீளம் 650 நானோமீட்டர், சிடிக்கு 780. கடையில் வாங்கிய சிடிக்குப் பிரச்சினை இல்லை. வீட்டில் எரித்த சிடியின் சாயம் 650-ல் ஒளியைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. அதனால்தான் ஆரம்ப டிவிடி ப்ளேயர்கள் பலவற்றில் அவை ஓடவில்லை. பிறகு இரண்டு லேசர் வைத்துச் சரிசெய்தார்கள்.

மூன்றாவது, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே விழும் இடைவெளி. படத்துக்காக எழுதிய மென்பொருள் இதைப் பற்றிக் கவலைப்படாது. சினிமாப் பாட்டுக்குப் பரவாயில்லை. கச்சேரிச் சிடியில் ராகம், தானம், பல்லவி மூன்றும் தனித்தனி ட்ராக்காக, ஆனால் அறுபடாமல் ஓடும். அங்கே அரை நொடி மௌனம் விழுந்தால் உயிரே போயிடும்.

நான்காவது, கடைசிக் கட்ட அனலாக் பகுதியும் பவர் சப்ளையும். தொழிற்சாலை காசு மிச்சம் பிடிப்பது இங்கேதான். மெல்லிய இரைச்சல் கேட்டால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் இதற்கு வழி உண்டு. பெட்டியின் பின்னால் கோயாக்ஸியல் அல்லது ஆப்டிகல் என்று எழுதிய டிஜிட்டல் வெளியீடு இருக்கிறதா பாருங்க. இருந்தால், தனி டிஏசி ஒன்றை அதில் மாட்டி இந்தப் பகுதியை மொத்தமாகத் தாண்டிவிடலாம். செட்டிங்கில் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்க.

சிடியின் 16 பிட், 44,100 போதுமா என்ற சந்தேகத்தையும் சோதித்திருக்கிறார்கள். 2007-ல் மேயர், மோரன் என்ற இருவர், உயர்தர வட்டு இசைக்கு நடுவே ரகசியமாக ஒரு சிடி தரக் கட்டத்தை நுழைத்து, எது எது என்று கேட்டார்கள். 554 முறையில் 276 முறை சரியான பதில். காசு சுண்டிப் பார்த்தாலும் இவ்வளவுதான் வரும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கு. பழைய டிவிடி ப்ளேயர்களைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுக்கொண்டிருக்கிறோம், அலமாரியில் சிடிகள் மட்டும் தங்கிவிடுகின்றன. ஸ்ட்ரீமிங்கில் எல்லாமே வந்துவிடவில்லை. உள்ளூர்ச் சபாக்களின் கச்சேரிப் பதிவுகள், சின்ன நிறுவனங்களின் வெளியீடுகள் என்று பலவற்றுக்கு அந்தத் தட்டுதான் ஒரே பிரதி. வீட்டில் ஓடுகிற ப்ளேயர் ஒன்று இருந்தால், எவ்வளவு சல்லிசானதா இருந்தாலும் சரி, எடை போட்டுடாதீங்க. லென்ஸை ஒருமுறை துடைச்சு, கச்சேரிச் சிடி ஒண்ணைப் போட்டுப் பாருங்க.