பெயர்த்து நட்ட வீடுகள்



வரலாறு என்றவுடன் மன்னர்தம் போர்களும் பட்டமேறிய ஆண்டுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. குடிமக்கள் வாழ்ந்த வீடும் ஒரு வரலாற்று ஏடே என்பதை மறந்துவிடுகிறோம். அண்மையில் படப்பையிலிருந்து 40 மாணவருடன், வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக, முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவுக்குச் சென்றுவந்தேன். அங்கே நான் கற்ற பாடமொன்றை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1891-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்ட்டர் ஹசேலியஸ் என்பார் ஸ்கான்சென் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தை நிறுவினார். தொழிற்சாலைகள் பெருக, நாட்டுப்புற வாழ்வு மறைவதைக் கண்ட அவர், பழைய வீடுகளையே பெயர்த்துக் கொணர்ந்து நிறுத்தினார். அவ்வகையில் அமைந்ததே தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் அவர்களின் முயற்சியால் 1996-இல் அது திறக்கப்பெற்றது. இடிபடவிருந்த வீடுகளை வாங்கி, தூணும் உத்திரமும் சேதமுறாமல் பிரித்துக் கொணர்ந்து, மரபறிந்த தச்சரைக் கொண்டு மீண்டும் எழுப்பினர்.

கேரள வீட்டின் சரிந்த கூரை அந்நாட்டு மழையைக் கூறிற்று. செட்டிநாட்டு இல்லம், பர்மாவிலிருந்து தேக்கு வாங்கிக் கட்டிய நகரத்தாரின் கடல்கடந்த வாணிகத்தை நினைவூட்டிற்று. மாணவர்களுக்கு இவற்றை விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு மாணவி, "ஐயா, எங்கள் பாட்டி வீடு மண்சுவர், கீற்றுக் கூரை. அதையும் இப்படிப் பெயர்த்துக் கொண்டுவர முடியுமா?" என்று வினவினாள்.

நான் சற்றே திகைத்தேன். தேக்குத் தூணைப் பிரித்து மீண்டும் நடலாம். மண்சுவரை அவ்வாறு பெயர்க்க இயலாது. குயவர் இல்லம் போன்ற எளியோர் வீடுகளும் அங்கே உண்டு. ஆயினும் மண்வீட்டைப் புதிதாகக் கட்டியே காட்டவேண்டும்; அதற்கு, அதைக் கட்டத் தெரிந்தவர் இருத்தல் வேண்டும். செல்வர் வீடு தானே சான்றாக நிற்கும். ஏழையின் வீடோ மனிதர் நினைவில் மட்டுமே நிற்கும். இத்தனை ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்தும், "உன் வீட்டைப் பற்றி எழுது" என்று நான் ஒரு மாணவனையும் பணித்ததில்லை. அக்குறையை அன்றே உணர்ந்தேன்.

படப்பையைச் சூழ்ந்த ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பகுதிகளில் வயல்கள் ஆலைகளாயின. அவை பலருக்குப் பிழைப்பளிக்கின்றன. அதனைக் குறைகூறுதல் தகாது. ஆனால் மறைவதைப் பதிவுசெய்யாமல் விடுதல் நம் குற்றமே.

ஆகவே, விடுமுறையில் உங்கள் ஊர்ப் பழைய வீடொன்றை அளந்து வரையுங்கள். மண்ணை எவ்வாறு குழைத்தனர், கீற்றை எத்தனை ஆண்டுக்கொருமுறை மாற்றினர் என முதியோரைக் கேட்டு எழுதுங்கள். அம்மாணவி இப்போது தன் பாட்டியிடம் கேட்டு எழுதிவருகிறாள். பாட்டியின் நினைவு தெளிவாயுள்ளபோதே அவ்வேடு முடிதல் வேண்டும்.