ஆண்டவருக்கு விழா, நடுவில் கன்றுக்குட்டி



இன்றைய முதல் வாசகத்தில் பொன் கன்றுக்குட்டியைப் பற்றிக் கேட்டோம். விடுதலைப் பயணம் 32-ஆம் அதிகாரம், ஐந்தாம் வசனத்தை வீட்டில் எடுத்துப் பாருங்கள். கன்றுக்குட்டிக்கு முன் பீடம் கட்டிய ஆரோன், மறுநாள் ஆண்டவருக்கு விழா என்றுதான் அறிவித்தார். மக்கள் ஆண்டவரை விட்டு ஓடிவிடவில்லை. அவருடைய விழாவுக்குள்ளேயே இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

பணம், பதவி, செல்போன் இவையே இக்காலச் சிலைகள் என்று கேட்டுப் பழகிவிட்டோம். தவறில்லை. ஆனால் கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி ஏட்டில் 2113-ஆம் எண், இனத்தையும் மூதாதையரையும்கூட அந்த வரிசையில் சேர்க்கிறது. நம் ஊர் வழக்கில் அதற்குப் பெயர் சாதிப் பெருமை.

நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊர். புனித தேவசகாயம் 1745-இல் திருமுழுக்குப் பெற்ற புண்ணிய பூமி. அதே ஊரில் 1872-இல் கட்டிய கோவிலுக்கு இரண்டு நீண்ட கைகள். ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார், நடுவே சுவர். பீடம் மட்டும் ஒன்று! ஒரே நற்கருணை, ஒரே குருவானவர். ஆனால் பக்கத்துக் கையில் முழந்தாளிட்டிருப்பவர் முகம் தெரியாது. 1910-இல் சுவர் இடிக்கப்பட்டது. அதைத் திரும்பக் கட்டித் தரவேண்டும் என்று ஒரு பிரிவினர் வழக்குப் போட்டு, அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. திருப்பலி கிடைக்கவில்லை என்றா வழக்கு? இல்லை, சுவர் வேண்டும் என்று.

தஞ்சைக்கு வருவோம். 1833-இல் ஆங்கிலிக்கன் சபை ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று சுற்றுமடல் அனுப்பினார். தஞ்சைச் சபையில் பெரும் கலகம் மூண்டது. அதற்கு முன்பே, 1829-இல், சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவரும் சரபோஜி மன்னர் மதித்தவருமான வேதநாயக சாஸ்திரியார், கோவிலில் தனித்து உட்காரும் வழக்கத்தை ஆதரித்து எழுதியிருக்கிறார். அவருடைய பாடல்களைக் கிறிஸ்தவ வீடுகளில் இன்றும் பாடுகிறார்கள். அவ்வளவு பக்தியுள்ள நெஞ்சிலும் கன்றுக்குட்டிக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது.

பிரிந்த சபையார் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் மதுரை மிஷனிலேயே ஒரு சாராருக்கு ஒரு வகைக் குரு, மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று பிரித்து வைத்திருந்தோம். நற்செய்தி பரவ வழி என்று நினைத்துச் செய்தார்கள். வழி அங்கேயே வீடாகிவிட்டது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் சிலர், அந்தப் பக்கம் சிலர். இறந்தவர்களுக்கு எதற்குச் சுவர் என்று எனக்கு விளங்கவில்லை.

2003 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் நம் தமிழக ஆயர்களிடமே நேரில் இதைக் கண்டித்துப் பேசினார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை, சாதிப் பாகுபாடு பெரும் பாவம் என்று எழுதி வைத்தது. ஆனாலும் மணமகள் தேவை விளம்பரத்தில் ‘ஆர்.சி.’ என்ற இரண்டு எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சொல் தவறாமல் வருகிறது. ஆர்.சி. அல்லாதவர் பரவாயில்லை, அந்தச் சொல் மட்டும் மாறக்கூடாது என்ற வீடுகளும் உண்டு. இரண்டில் எது அங்கே தெய்வம்?

மோசே கேட்டபோது ஆரோன் சொன்ன சாக்கும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. பொன்னை நெருப்பில் போட்டாராம், கன்றுக்குட்டி தானாக வெளியே வந்ததாம். ‘சாமி, தாத்தா காலத்து வழக்கம், நாங்களாகச் செய்யவில்லை’ என்று நம் ஆட்கள் சொல்வதும் அந்த ரகம்தான்.

இந்த ஆண்டு கொடியேற்றத்துக்கு முன் விழாக் குழு கூடும்போது, தேர் போகும் பாதையை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். எந்தத் தெருவுக்குள் மாதா நுழைவதில்லை என்று பாருங்கள். தெரு குறுகல், தேர் திரும்பாது என்று யாராவது சொன்னால், டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். சம்பா அறுவடையில் நெல் மூட்டை ஏற்றிய லாரி அந்தத் தெருவுக்குள் போய்வந்ததா என்றும் அங்கே இருப்பவர்களிடமே கேளுங்கள்.