உளவியல் முதலுதவி

விபத்து, வன்முறை, பேரிடர், திடீர் மரணம் போன்ற அதிர்ச்சிக்கு ஆளானவருக்கு முதல் நாட்களில் அருகிலிருப்போர் தரும் ஆதரவு உளவியல் முதலுதவி எனப்படும். இது சிகிச்சை அன்று. நண்பரும் அண்டை வீட்டாரும் செய்யக்கூடியது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் களப்பணியாளர்களுக்காக வெளியிட்ட கையேடு இதைக் கவனித்தல், செவிமடுத்தல், இணைத்தல் என வகுக்கிறது.

இவற்றுள் பெரிதும் பிழைபடுவது செவிமடுத்தலே. நடந்ததைக் கொட்டித் தீர்த்தால் மனம் ஆறும் என்ற நம்பிக்கை வலுவானது. 1983-இல் அமெரிக்காவின் ஜெஃப்ரி மிட்செல் அவசரப் பணியாளர்களுக்காக முன்வைத்த குழு உரையாடல் முறையும் இந்த நம்பிக்கையை ஒட்டியே பரவியது. ஆனால் ஒரே அமர்வில் நிகழ்வை விவரிக்கச் செய்வது பிந்தைய பாதிப்பைத் தடுப்பதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. சிலருக்கு அது தீங்காகவும் முடிந்தது. ஆகவே அதிர்ச்சிக்கு ஆளானவரைத் துருவிக் கேட்கக் கூடாது. அவராகப் பேசினால் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். பேசாவிட்டால் உடனிருப்பதே போதும். "எல்லாம் நன்மைக்கே", "உன்னைவிடக் கஷ்டப்பட்டவர்கள் எத்தனையோ பேர்" என்பவை ஆறுதல்போல் ஒலித்தாலும் துயரத்தைச் சிறுமைப்படுத்துகின்றன. சாப்பாடு கொண்டுவருவதும், காவல் நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ துணைபோவதும், இரவில் கூடத் தங்குவதும் எந்த அறிவுரையைவிடவும் மேலானவை.

தூக்கமின்மை, திடுக்கிடல், கண்முன் மீண்டும் மீண்டும் வரும் காட்சிகள் பெரும்பாலோரிடம் சில வாரங்களில் தணியும். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். தற்கொலை எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்கலாகாது. இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926 ஆகிய தொலைபேசி எண்களில் மனநல உதவி கிடைக்கும்.