கையை எடுத்தால் என்ன ஆகும்? செஸ்னா 152, பைப்பர் டோமஹாக்

பயிற்சி விமானம் விழுந்தது என்று செய்தி வந்ததும், எஞ்சின் நின்றுவிட்டதா என்றுதான் கேட்போம். மாணவன் பிடியிலிருந்து கையை எடுத்திருந்தால் விமானம் தானாக நிமிர்ந்திருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. ஒரே வேலைக்காகப் பிறந்த இரண்டு அமெரிக்க விமானங்கள் இந்தக் கேள்விக்கு எதிரெதிராகப் பதில் சொல்கின்றன.

செஸ்னா 152 வந்தது 1977இல். இரண்டு இருக்கை, தலைக்கு மேலே இறக்கை, 110 குதிரைத்திறன். அண்ணன் 150ஐயும் சேர்த்தால் 31,000க்கு மேல் தயாரானது. மறு ஆண்டு வந்த பைப்பர் டோமஹாக்குக்கு 112 குதிரைத்திறன். இறக்கை கீழே, வால் ஆங்கில 'டி' வடிவில்.

வேகம் குறைந்து, மூக்கு நிமிர்ந்து, இறக்கை தாங்கும் திறனை இழப்பது ஸ்டால். அப்போது ஒரு பக்கம் முதலில் சரிந்தால் விமானம் பம்பரமாகச் சுழன்று இறங்கும். அதுதான் ஸ்பின். மீள வேண்டுமானால் எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்தும் திராட்டிலை மூடி, மூக்கை இடவலமாகத் திருப்பும் ரட்டரை எதிர்ப்பக்கம் முழுக்க மிதித்து, பிடியை முன்னே தள்ள வேண்டும். தரை சுழன்று மேலே வரும்போது முன்னே தள்ளுவதா? உடம்பு ஒப்பவே ஒப்பாது. இழுக்கத்தான் சொல்லும்.

செஸ்னாவை ஸ்பின்னில் தள்ளுவதே பாடு. கையை எடுத்தால் பெரும்பாலும் தானே வெளியே வந்துவிடும். அப்படியானால் மாணவன் எதைக் கற்றான் என்பது பயிற்றுநர்களின் குறை. டோமஹாக்கை வரையுமுன் பைப்பர் நிறுவனம் அவர்களிடம்தான் கருத்துக் கேட்டது. சரியாகச் செய்தால் மட்டுமே மீளும் விமானம் அவர்களுக்குக் கிடைத்தது. ஸ்டாலில் அதன் வால் உதறும். பின் கண்ணாடி வழியே அதைத் திரும்பிப் பார்க்காதே என்று மாணவர்களை எச்சரிப்பது விமானிகளிடையே பழைய வேடிக்கை. 1983இல் இறக்கையின் முன்விளிம்பில் கூடுதல் பட்டைகளைப் பொருத்தச் சொல்லி உத்தரவே வந்தது.

கணக்குதான் விசித்திரம். பறந்த மணிநேரத்துக்கு எத்தனை விபத்து என்று பார்த்தால், டோமஹாக்குக்கு செஸ்னாவைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அகலமாக ஊன்றிய சக்கரங்களுக்கும் அதில் பங்கிருக்கும் என்பது என் ஊகம். ஆனால் ஸ்டால், ஸ்பின் விபத்துகளை மட்டும் பிரித்தால், அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் மதிப்பீட்டில் டோமஹாக்கின் விகிதம் செஸ்னாவைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு.

இதற்காக டோமஹாக்கைக் கொலைகார விமானம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது கேட்டது உயரமும் தேர்ந்த பயிற்றுநரும். செஸ்னாவின் பெருந்தன்மைக்கும் உயரம் வேண்டும்: ஒரு சுற்று சுழன்று மீளவே ஏறக்குறைய ஆயிரம் அடி போய்விடும். தரையிறங்கும் கடைசித் திருப்பத்தில், ஐந்நூறு அடியில், ஓடுபாதையைத் தவறவிட்ட பதற்றத்தில் ரட்டரை அதிகமாக மிதித்துப் பிடியை இழுக்கும் மாணவனிடம் அந்த ஆயிரம் அடி இல்லை. அங்கே இரண்டு விமானமும் ஒன்றுதான்.