இஸ்ரவேலின் முதல் அரசர்கள்

பண்டைய இஸ்ரவேலரை ஒரே நாடாக ஆண்டவர்கள் என்று யூத மறைநூல் காட்டும் அரசர்கள் சவுல், தாவீது, சாலொமோன் ஆகிய மூவர். சவுலின் மகன் இஸ்போசேத் இடையில் இரண்டு ஆண்டுகள் யூதா நீங்கலான கோத்திரங்களுக்கு அரசனாக இருந்தான். அவனை வரிசையில் சேர்ப்பாரும் உண்டு, விடுவாரும் உண்டு. இவர்களின் காலம் ஏறத்தாழ கி.மு. 1030க்கும் கி.மு. 930க்கும் இடைப்பட்டது எனக் கணிக்கப்படுகிறது.

இவர்களைப் பற்றிய விரிவான செய்திகள் சாமுவேல், இராஜாக்கள், நாளாகமம் ஆகிய நூல்களில் உள்ளன. முதல் இரண்டையும் யூத மரபு ‘நெவீம்’ எனப்படும் தீர்க்கதரிசிகளின் பகுதியில் வைக்கிறது. நாளாகமம் ‘கெத்துவீம்’ எனும் எழுத்துகளின் பகுதியில் வருகிறது. அரசர்களின் கதை தீர்க்கதரிசிகளின் பகுதியில் இருப்பது பொருத்தமானதே. அரசனைப் புகழும் அவைப்புலவனின் இடத்தில் இந்நூலாசிரியர்கள் நிற்பதில்லை. அரசன் செய்ததற்குக் கணக்குக் கேட்கும் இடத்திலிருந்து எழுதுகிறார்கள். எகிப்திலும் அசீரியாவிலும் கிடைக்கும் அரசவைக் கல்வெட்டுகளைப் படித்துவிட்டு இவற்றைப் படிப்பவருக்கு வேறுபாடு உடனே தெரியும்.

அரசன் இல்லாத காலம்

அரசாட்சிக்கு முன் இஸ்ரவேலர் 12 கோத்திரங்களாக வாழ்ந்தனர். ஆபத்து நேர்ந்தபோது நியாயாதிபதிகள் எனப்பட்ட தலைவர்கள் தோன்றி, படை திரட்டிப் போரிட்டு அடங்கினர். அவர்களில் ஒருவனான கிதியோனிடம் மக்கள் பரம்பரை ஆட்சியை ஏற்கச் சொன்னபோது, கடவுளே உங்களை ஆளட்டும் என்று அவன் மறுத்தான். அவன் மகன் அபிமெலேக்கு அப்படி மறுக்கவில்லை. தன் சகோதரர் 70 பேரை ஒரே கல்லின்மேல் கொன்று, சீகேம் நகரில் முடிசூடி, மூன்று ஆண்டுகள் ஆண்டான். தேபேஸ் ஊரில் ஒரு பெண் கோபுரத்திலிருந்து போட்ட ஏந்திரக்கல் அவன் மண்டையை உடைத்தது. கொலைக்குத் தப்பிய தம்பி யோதாம் சொல்லும் கதையில் மரங்கள் தங்களுக்கு அரசன் தேடுகின்றன. ஒலிவமரம், அத்தி, திராட்சை மூன்றும் மறுக்க, எதற்கும் உதவாத முட்செடி ஒப்புக்கொள்கிறது. அரசாட்சியைப் பற்றி மறைநூல் கொண்டிருந்த ஐயத்தின் தொடக்கம் இது.

ஆயினும் அரசன் தேவைப்பட்டான். கடலோரத்தில் காசா, அஸ்தோத், அஸ்கலோன், காத், எக்ரோன் என ஐந்து நகரங்களில் குடியேறியிருந்த பெலிஸ்தர் மலைநாட்டை நோக்கி நெருக்கினர். ஒரு போரில் அவர்கள் இஸ்ரவேலரின் புனிதமான உடன்படிக்கைப் பெட்டியையே கைப்பற்றிச் சென்றனர். கொல்லுத்தொழிலும் அவர்கள் பிடியில் இருந்ததால் இஸ்ரவேல் உழவர் கொழுவையும் கோடரியையும் தீட்டிக்கொள்ள அவர்களிடம்தான் போக வேண்டியிருந்தது. இதைச் சொல்லும் வசனத்தில் வரும் ‘பிம்’ என்ற எபிரேயச் சொல் நெடுங்காலம் யாருக்கும் விளங்கவில்லை; பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அதை அரம் என்று ஊகித்தனர். பிற்காலத்தில் அச்சொல் பொறித்த, சுமார் 7.8 கிராம் எடையுள்ள சிறு எடைக்கற்கள் அகழ்வுகளில் கிடைத்தன. சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கான ‘பிம்’ கொல்லனின் கூலி என்று அப்போதுதான் தெரிந்தது.

கடைசி நியாயாதிபதியான சாமுவேல் முதுமையடைந்தார். அவருடைய மகன்கள் பெயெர்செபாவில் கைக்கூலி வாங்கித் தீர்ப்பைப் புரட்டினர். மூப்பர்கள் ராமாவுக்கு வந்து, மற்ற நாட்டாருக்கு இருப்பதுபோல் தங்களுக்கும் ஓர் அரசன் வேண்டும் என்றனர். சாமுவேல் எச்சரித்தார்: அரசன் உங்கள் மகன்களைத் தேருக்கு முன் ஓட வைப்பான், மகள்களைச் சமையலுக்கும் அப்பம் சுடவும் எடுத்துக்கொள்வான், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கேட்பான். மக்கள் கேட்கவில்லை. அரசனைக் கேட்பது தம்மையே புறக்கணிப்பதற்குச் சமம் என்று சொல்லியபடியே கடவுளும் இசைந்தார். சட்டநூலான உபாகமத்தின் 17ஆம் அதிகாரம் வரப்போகும் அரசனுக்கு வரம்பும் விதித்திருந்தது: குதிரை, மனைவியர், பொன் வெள்ளி மூன்றையும் அவன் பெருக்கக் கூடாது, திருச்சட்டத்தின் படி ஒன்றை எழுதி வைத்து நாள்தோறும் வாசிக்க வேண்டும்.

சவுல்

சவுல் பென்யமீன் கோத்திரத்துக் கீசின் மகன். கூட்டத்தில் நின்றால் மற்றவர் அவன் தோளுக்கே இருப்பர். அப்பாவின் காணாமற்போன கழுதைகளைத் தேடிப் போனவன் சாமுவேலைச் சந்தித்து, அபிஷேகம் பெற்றுத் திரும்பினான். இது ஒரு கதை. மிஸ்பாவில் சீட்டுப் போட்டுத் தேர்ந்தபோது தளவாடங்களுக்கிடையே ஒளிந்திருந்தவனை இழுத்து வந்து அரசனாக்கினர் என்பது இன்னொன்று. அம்மோனியன் நாகாஸ் முற்றுகையிட்ட யாபேஸ் ஊரை மீட்டதனால் கில்காலில் அரசனாக்கப்பட்டான் என்பது மூன்றாவது. நூலைத் தொகுத்தவர்கள் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துவிட்டனர். சவுல் என்ற பெயருக்குக் ‘கேட்டுப் பெறப்பட்டவன்’ என்று பொருள். மக்கள் கேட்டுப் பெற்ற அரசனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

அவன் எத்தனை ஆண்டு ஆண்டான் என்பதை எபிரேய மூலம் சரியாகச் சொல்லத் தவறுகிறது. முதலாம் சாமுவேல் 13ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தை உள்ளபடியே எடுத்துக்கொண்டால், அரசனானபோது அவனுக்கு ஒரு வயது! படியெடுத்தவர் கையில் எண் நழுவியிருக்க வேண்டும்.

சவுலின் வீழ்ச்சிக்கு நூல் இரண்டு காரணங்கள் சொல்கிறது. பெலிஸ்தரை எதிர்க்கக் கூடிய படை கலையத் தொடங்கியபோது, சாமுவேலுக்குக் காத்திராமல் தானே பலி செலுத்தினான். பிறகு அமலேக்கியரை அடியோடு அழிக்கச் சொன்ன கட்டளைக்கு மாறாக, அவர்களின் அரசன் ஆகாகையும் நல்ல ஆடுமாடுகளையும் தப்பவிட்டான். பின்னால் வந்த அரசர்கள் செய்தவற்றோடு ஒப்பிட்டால் இவை சிறியவை என்ற எண்ணம் யூத மரபிலேயே உண்டு. யூத மரபின் விளக்க நூலான தால்மூதின் யோமா பகுதி, சவுல் ஒருமுறை தவறியது அவன்மேல் சுமத்தப்பட்டது, தாவீது இருமுறை தவறியும் சுமத்தப்படவில்லை என்று வியப்போடு குறிப்பிடுகிறது.

எஞ்சிய ஆண்டுகள் மனக்கலக்கத்திலும், தன் மகன் யோனத்தானின் நண்பனும் தன் மருமகனுமான தாவீதை வேட்டையாடுவதிலும் கழிந்தன. கடைசிப் போருக்கு முந்தின இரவு, தானே நாட்டைவிட்டுத் துரத்திய குறிசொல்வோரில் ஒருத்தியை எந்தோரில் தேடிப்போய், இறந்த சாமுவேலை எழுப்பச் சொன்னான். ஆறுதலாக ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. மறுநாள் கில்போவா மலையில் மூன்று மகன்கள் வீழ்ந்தனர். சவுல் தன் வாள்மேல் தானே விழுந்தான். பெலிஸ்தர் உடல்களைப் பெத்சான் மதிலில் மாட்டினர். இரவோடிரவாக நடந்துவந்து அவற்றை இறக்கிச் சென்றவர்கள், ஆட்சியின் தொடக்கத்தில் அவன் காப்பாற்றிய யாபேஸ் ஊரார்.

தளபதி அப்னேர் எஞ்சிய மகன் இஸ்போசேத்தை யோர்தானுக்குக் கிழக்கே மகனாயீமில் அரசனாக்கினான். நாளாகமத்தில் இவன் பெயர் எஸ்பால். ‘பாகால்’ என்ற அயல்தெய்வத்தின் பெயரை உச்சரிக்க விரும்பாதவர்கள் அதை ‘போசேத்’, அதாவது வெட்கம், என்று மாற்றியிருக்கின்றனர். அப்னேர் கொல்லப்பட்டதும் இவனும் தன் படைத்தலைவர் இருவரால் படுக்கையிலேயே கொல்லப்பட்டான்.

தாவீது

பெத்லெகேம் ஊரானான ஈசாயின் இளைய மகன் தாவீது கதைக்குள் வருவதும் ஒரே வழியில் அல்ல. ஓரிடத்தில் சவுலின் கலக்கத்தைத் தணிக்கச் சுரமண்டலம் வாசிக்க வருகிறான். அடுத்த அதிகாரத்தில், சவுலுக்கு முன்பின் தெரியாத ஆட்டிடையனாக வந்து கோலியாத்தை வீழ்த்துகிறான். கோலியாத்தின் உயரம் எபிரேய மூலத்தில் ஆறு முழமும் ஒரு சாணும். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் சாக்கடலோரக் குகையில் கிடைத்த சாமுவேல் சுருளிலும் நான்கு முழமும் ஒரு சாணும். கதை கைமாறக் கைமாற அரக்கன் வளர்ந்திருக்கிறான். இரண்டாம் சாமுவேல் 21ஆம் அதிகாரத்தில் கோலியாத்தைக் கொன்றவன் எல்க்கானான் என்றும் வருகிறது. நாளாகமம் அதைக் கோலியாத்தின் சகோதரன் என்று திருத்திச் சரிசெய்கிறது.

சவுலுக்குத் தப்பி ஓடிய தாவீது கடன்பட்டோரையும் மனக்கசப்புற்றோரையும் சேர்த்துக் கூட்டம் கட்டினான். பெலிஸ்தரின் காத் நகர அரசன் ஆகீசிடமே வேலைக்கு நின்றான். சவுல் இறந்தபின் எப்ரோனில் யூதாவுக்கு அரசனாகி ஏழு ஆண்டு ஆறு மாதமும், பின் எல்லாக் கோத்திரங்களுக்கும் அரசனாக எருசலேமில் 33 ஆண்டும் ஆண்டதாகக் கணக்கு.

எருசலேமைத் தேர்ந்தது அவனுடைய அரசியல் கூர்மைக்குச் சான்று. வடக்குக் கோத்திரங்களுக்கும் தெற்கே யூதாவுக்கும் நடுவில், அதுவரை எபூசியர் கையில் இருந்த மலைநகரம் அது. எந்தக் கோத்திரமும் அதைத் தன் ஊர் என்று பெருமைகொள்ள முடியாது. பெலிஸ்தரிடமிருந்து மீண்டிருந்த உடன்படிக்கைப் பெட்டியை அங்கே கொண்டுவந்ததால் ஆட்சிக்கும் வழிபாட்டுக்கும் ஒரே மையம் அமைந்தது. கோயில் கட்ட விரும்பியவனிடம் தீர்க்கதரிசி நாத்தான், நீ கடவுளுக்கு வீடு கட்ட வேண்டாம், கடவுள் உனக்கு ஒரு ‘வீட்டை’, அதாவது நிலைத்த வம்சத்தை, கட்டுவார் என்றார். அபிஷேகம் பெற்றவன் எனப் பொருள்படும் ‘மாஷியாக்’ என்ற சொல் பிற்காலத்தில் சுமந்த எதிர்பார்ப்புக்கு இவ்வாக்குறுதியே வேர்.

அதே நாத்தான்தான் அரசனைக் குற்றவாளியாகவும் நிறுத்தினார். தாவீது பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவள் கணவனான படைவீரன் உரியாவைப் போரின் முன்னணியில் நிறுத்திச் சாகவைத்தான். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய செல்வனின் கதையை நாத்தான் சொல்ல, அரசன் சினந்து தீர்ப்புக் கூற, நீயே அந்த மனிதன் என்றார் அவர். அக்காலத்து வேறெந்த அரச வரலாற்றிலும் இத்தகைய காட்சியைத் தேடிக் காண்பது அரிது. நாளாகமம் இதை முழுவதும் விட்டுவிடுகிறது. அதன் தாவீது கோயிலுக்குப் பொன்னும் பாடகரும் திரட்டும் பக்தன். தால்மூதில் தாவீது பாவம் செய்யவில்லை என்று வாதாடிய ரபியும் இருந்தார்.

அதன்பின் வீட்டுக்குள்ளேயே பகை மூண்டது. மூத்த மகன் அம்னோன் தன் தங்கை தாமாரைக் கெடுத்தான். அவள் உடன்பிறந்த அப்சலோம் அவனைக் கொன்றான். பின்னர் தந்தைக்கெதிராகவே கிளர்ந்து, எப்பிராயீம் காட்டில் மரத்தில் தலை சிக்கித் தொங்கியபோது, அவனுக்குத் தீங்கு செய்யாதீர்கள் என்ற அரசன் சொல்லை மீறித் தளபதி யோவாப் அவனைக் குத்தினான்.

தாவீது உண்மையில் வாழ்ந்தவனா என்ற கேள்வி 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆய்வாளரிடையே சூடுபிடித்தது. 1993இல் இஸ்ரேலின் வடக்கே தெல் தாண் மேட்டில் கிடைத்த அரமேயக் கல்வெட்டுத் துண்டு அதற்குப் பெருமளவு விடையளித்தது. கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்லில் அரமேய அரசன் ஒருவன் தன் வெற்றியைப் பறைசாற்றுகையில், தெற்கே இருந்த யூதா நாட்டைத் ‘தாவீதின் வீடு’ என்று குறிக்கிறான். தாவீது ஆண்ட நாடு எவ்வளவு பெரியது என்பது வேறு கேள்வி. அதில் இன்னும் உடன்பாடு இல்லை.

சாலொமோன்

பத்சேபாளின் மகன் சாலொமோன் அரியணை ஏறியது அண்ணன் அதோனியாவை முந்திக்கொண்டு. ஏறியதும் அதோனியாவும் யோவாபும் கொல்லப்பட்டனர். அதோனியாவின் பக்கம் நின்ற ஆசாரியன் அபியத்தார் ஆனதோத்துக்குத் துரத்தப்பட்டான். ஞானி என்று உலகம் போற்றும் அரசனின் ஆட்சி இப்படித்தான் தொடங்கியது.

நாட்டை 12 வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஆண்டில் ஒரு மாதம் அரண்மனைக்கு உணவளிக்க வைத்தான். தீரு நகர அரசன் ஈராமிடம் கேதுரு மரமும் கைத்தேர்ந்த தொழிலாளரும் பெற்று, 60 முழ நீளம், 20 முழ அகலம், 30 முழ உயரத்தில் ஆலயம் எழுப்பினான். அதற்கு ஏழு ஆண்டு ஆயிற்று. தன் அரண்மனைக்கு 13 ஆண்டு எடுத்துக்கொண்டான் என்று அடுத்த வரியிலேயே நூல் சொல்லி, விளக்கம் ஏதும் தராமல் நகர்கிறது.

அவனுடைய தர்ஷீஸ் கப்பல்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை கொண்டுவந்த பொருள்களில் பொன், வெள்ளி, தந்தம், குரங்கு ஆகியவற்றோடு ‘துக்கி’ என்றொன்றும் சொல்லப்படுகிறது. மயில் என்று பொருள் கொள்ளப்படும் இச்சொல் தமிழின் ‘தோகை’யிலிருந்து சென்றது என்று கால்டுவெல் கருதினார், அதை ஒருவகைக் குரங்கின் பெயராகக் கொள்வோரும் உள்ளனர்.

ஆத்சோர், மெகிதோ, கேசேர் நகரங்களை அவன் அரண்செய்தான் என்ற குறிப்பைப் பற்றிக்கொண்டு, மூன்றிலும் தோண்டியெடுக்கப்பட்ட ஒரே அமைப்புள்ள ஆறு அறை வாயில்கள் சாலொமோனுடையவை என்றார் தொல்லியலாளர் யிகாயேல் யாதீன். 1990களில் இஸ்ரேல் ஃபிங்கெல்ஸ்டைன், அவை ஒரு நூற்றாண்டுக்குப் பின், பிளவுபட்ட நாட்டின் வடபகுதியை ஆண்ட உம்ரி மரபினர் காலத்தவை என்று வாதிட்டார். கரிமக் காலக்கணிப்பும் இவ்வழக்கை ஒருவழியாக முடித்துவைக்கவில்லை.

மறைநூலின் தீர்ப்பு வேறொரு அளவுகோல் கொண்டது. எகிப்திலிருந்து குதிரைகள், ஆண்டுக்கு 666 தாலந்து பொன், 700 மனைவியரும் 300 மறுமனையாட்டிகளும் என்று இராஜாக்கள் நூல் அடுக்குவது உபாகமம் விலக்கிய அதே மூன்றையும்தான். மனைவியர் வழியே அயல்தெய்வங்கள் எருசலேமுக்கு வந்ததே நாடு பிளந்ததற்குக் காரணம் என்கிறது நூல். ஆனால் அதே நூல் இன்னொரு காரணத்தையும் மறைக்கவில்லை: லீபனோனில் மரம் வெட்ட இஸ்ரவேலரிலிருந்து 30,000 பேர் அமஞ்சிக்குப் பிடிக்கப்பட்டு, மாதத்துக்கு 10,000 பேராக அனுப்பப்பட்டனர். சாமுவேலின் எச்சரிக்கை நிறைவேறியாயிற்று.

பிளவு

சாலொமோனின் மகன் ரெகொபெயாம் முடிசூடச் சீகேமுக்குப் போனான். அபிமெலேக்கு முடிசூடிய அதே ஊர். வடகோத்திரத்தார் சுமையைக் குறைக்கும்படி கேட்டனர். முதியோர் சொன்ன இணக்கத்தை விட்டுத் தன்னோடு வளர்ந்த இளைஞர் சொல் கேட்ட அவன், அப்பாவின் சவுக்குக்குப் பதில் தேள் என்று மிரட்டினான். பத்துக் கோத்திரங்கள் பிரிந்துபோய், முன்பு அமஞ்சி வேலைக்கு மேற்பார்வையாளனாக இருந்த யெரொபெயாமை அரசனாக்கின. அவர்களை அடக்க ரெகொபெயாம் அனுப்பிய ஆள், அமஞ்சித் தலைவன் அதோராம்! அவனைக் கல்லெறிந்து கொன்றனர். யெரொபெயாம் பெத்தேலிலும் தாணிலும் பொற்கன்றுகளை நிறுத்தி, தன் மக்கள் எருசலேமுக்குப் போகாதபடி செய்தான்.

ரெகொபெயாமின் ஐந்தாம் ஆண்டில் எகிப்து அரசன் சீசாக்கு படையெடுத்தான். இவன் முதலாம் சோசெங்கு என்பது பெரும்பாலோர் ஏற்பது. கர்னாக் கோயில் சுவரில் அவன் வென்ற ஊர்களின் நீண்ட பட்டியல் உள்ளது. மறைநூல் சொல்லும் ஒரு நிகழ்ச்சி வெளிச்சான்றோடு முதன்முதலாகப் பொருந்துவது இங்கேதான். ஆயினும் பட்டியலில் எஞ்சியுள்ள பகுதியில் எருசலேமின் பெயர் இல்லை. ஆலயப் பொக்கிஷத்தைக் கொடுத்து நகரைக் காத்துக்கொண்டிருக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. சாலொமோன் செய்துவைத்த பொற்கேடயங்களும் அந்தக் கொள்ளையில் போயின. ரெகொபெயாம் அவற்றுக்குப் பதிலாக வெண்கலக் கேடயங்கள் செய்தான். அவன் ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் காவலர் அவற்றை ஏந்தி முன்சென்று, திரும்பியதும் காவலறையில் பத்திரமாக வைத்தனர்.