பழுதுற்ற பொறியும் பழுதறி கலையும்: ஸ்பெக்ரம் கணினியின் பிற்கால வரலாறு

பொறியொன்று தோன்றிய வரலாற்றை எழுதுவார் பலர். அது பழுதுற்ற வரலாற்றை எழுதுவார் மிகச் சிலரே. கண்டுபிடித்தவர் பெயரும் ஆண்டும் நூல்களில் முன்னிற்கும். அப்பொறியைத் திறந்து, தூசகற்றி, மீண்டும் இயங்கவைத்த கைகளைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரியும் இராது. இல்லக் கணினியின் வரலாற்றில் இக்குறை பெரிதும் உறுத்துவதாகும். 1970களின் இறுதியிலும் 1980களிலும் மேனாட்டு இல்லங்களிற் புகுந்த அச்சிறு பொறிகளுட் பல இன்று நாற்பது ஆண்டைக் கடந்துவிட்டன. அவற்றுள் இன்றும் உயிரோடு விளங்குவனவற்றுட் பெரும்பாலானவை எவரேனும் ஒருவராற் செப்பனிடப்பட்டவை என்பது மிகையன்று.

1977ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அப்பிள் 2, கொமடோர் பெற், ரி.ஆர்.எஸ். 80 என்னும் மூன்று கணினிகள் விற்பனைக்கு வந்தன. பிரித்தானியாவிலோ விலையே தடையாக நின்றது. அத்தடையை உடைத்தவர் கிளைவ் சிங்கிளயர். 1980இல் அவர் வெளியிட்ட இசட்.எக்ஸ். 80 நூறு பவுணுக்கும் ஐந்து பென்சு குறைந்த விலைக்கு விற்கப்பட்டது. மறு ஆண்டு வந்த இசட்.எக்ஸ். 81 இன் விலை 69.95 பவுண், உறுப்புகளைத் தாமே பற்றாசு கொண்டு பொருத்திக்கொள்ள விரும்புவார்க்கு 49.95 பவுண். ஆகவே இக்கணினிகளின் முதல் உரிமையாளருட் பலர், பொறியின் உள்ளுறுப்புகளைத் தம் கையாலேயே தொட்டறிந்தவராயிருந்தனர். 1982 ஏப்பிரல் 23இல் ஸ்பெக்ரம் வெளியாயிற்று. அதன் மின்சுற்றை றிச்சார்ட் ஓல்ற்வாசரும், அதனுள் உறையும் பேசிக் மொழியை ஸ்ரீவ் விக்கேர்சும், புறத்தோற்றத்தை றிக் டிக்கின்சனும் வகுத்தனர். 16 கிலோபைற்று நினைவகமுடையது 125 பவுண். 48 கிலோபைற்றுடையது 175 பவுண். ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரில், கைக்கடிகாரத்திற்குப் பேர்போன ரைமெக்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலையில் அவை செய்யப்பட்டன. பின்வந்த வகைகளையும் சேர்த்து ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்டவை விற்றன.

இம்மலிவு வானிலிருந்து விழுந்ததன்று. அதனைச் சாத்தியமாக்கிய சிக்கனங்கள் யாவும் அட்டையின் மீது பொறிக்கப்பட்டுள்ளன. பிற்காலப் பழுதுகளுட் பாதிக்கு அவையே வித்து. பல சில்லுகள் செய்யவேண்டிய வேலையை, பெரான்ரி நிறுவனம் செய்த ஒரே தருக்கச் சில்லு ஏற்றுக்கொண்டது. திரையை வரைவதும், விசைகளைக் கேட்பதும், ஒலியெழுப்புவதும், ஒலிநாடாவிற் பதிவதும் அதன் பணி. இவ்வளவும் சுமந்த சில்லு தொட்டாற் சுடும் அளவிற்கு வெப்பமுற்றதில் வியப்பில்லை. மேல் நினைவகத்தில் நிகழ்ந்த சிக்கனம் இன்னும் விந்தையானது. 64 கிலோபிற்றுச் சில்லுகளைச் செய்யுங்கால் ஒரு பாதி கெட்டும் மறுபாதி நன்றாயும் அமைந்துவிடுவதுண்டு. எறியத்தக்க அச்சில்லுகளை மலிவாக வாங்கி, நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தும்வண்ணம் அட்டையில் ஒரு கம்பித்துண்டை இட்டனர். எப்பாதி நல்லது என்பதை அக்கம்பியே சொல்லும். இதனை அறியாது, தம் கைக்குக் கிடைத்த சில்லை அவ்விடத்தில் வைத்துவிட்டுப் பொறியை நொந்துகொண்டவர் பலர். முதற்றொகுதி அட்டைகளிலோ, தருக்கச் சில்லு ஒழுங்காக இயங்குதற்பொருட்டு இன்னுமொரு சிறு சில்லைக் கால்கள் மேனோக்கக் கவிழ்த்துப் பற்றவைத்தே பொறியை வெளியே அனுப்பினர். அதற்கு 'இறந்த கரப்பான்' என்ற பெயர் வழங்கிற்று. வாங்குபவர் வீட்டை அடையுமுன்னரே ஸ்பெக்ரம் ஒருமுறை செப்பனிடப்பட்டுவிட்டது எனலாம்.

இக்கணினியின் பழுதை அறியும் முறை, நோயாளியின் முகத்தைப் பார்த்தே நோயை அறியும் வைத்தியமுறையை ஒத்தது. கீழ் நினைவகமாகிய 16 கிலோபைற்று, எட்டுச் சில்லுகளாற் பகிர்ந்துகொள்ளப்படுவது. ஒவ்வொரு பைற்றின் எட்டுப் பிற்றுகளுள் ஒவ்வொன்றை ஒவ்வொரு சில்லு காக்கும். தொலைக்காட்சித் திரையிற் காணும் படமும் அந்நினைவகத்திலேயே, 6912 பைற்றுகளில், தங்குவது. எனவே ஒரு சில்லு கெட்டால், திரையில் எட்டுப் புள்ளிகளுக்கு ஒருமுறை அதே இடத்தில் நுண்ணிய செங்குத்துக் கோடொன்று தோன்றும். கோடு எத்தனையாவது புள்ளியில் நிற்கிறதென்று எண்ணியறிந்தவர், வரிசையில் நிற்கும் எட்டுச் சில்லுகளுள் எது குற்றவாளி என்பதைக் கருவியொன்றுமின்றியே சுட்டுவர். மேல் நினைவகம் கெட்டாலோ திரை தெளிவாகவே இருக்கும். 1982 என்னும் ஆண்டோடு உரிமைவரியும் தோன்றும். ஆயினும் உச்ச முகவரியைக் கேட்டால், 65535 என்று கூறவேண்டிய பொறி 32767 என்று கூறும். தான் பாதி இழந்ததை அறியாமலே, மலிவு வகைப் பொறியாகத் தன்னை எண்ணிக்கொண்டு அது இயங்கிக்கொண்டிருக்கும்.

ஆயின் சில்லு கெட்டதென்று அறிவது வேறு, அது ஏன் கெட்டதென்று அறிவது வேறு. கீழ் நினைவகச் சில்லுகள் பழைய மரபின. அவற்றிற்கு ஐந்து வோல்ற்றும் பன்னிரண்டு வோல்ற்றும் எதிர்ஐந்து வோல்ற்றும் ஒருங்கே வேண்டும். பன்னிரண்டு நின்று எதிர்ஐந்து அற்றுப்போயின் அச்சில்லுகள் அழியும். இவ்விரண்டையும் தருவது, ஒரு சிறு சுருளும் இரு திரான்சிற்றர்களும் கூடிய அலைவுச்சுற்று. பொறிக்கு மின்னாளி கிடையாது. செருகியை இழுப்பதே அணைப்பது. சிறுவர் பொறி இயங்கும்பொழுதே விளையாட்டுப் பிடியின் இணைப்பைப் பின்புற விளிம்பில் அசைத்துச் செருகுவர். அக்கணமே விளிம்பின் இணைமுனைகள் ஒன்றையொன்று தொடும், திரான்சிற்றர் மாளும், அதனைத் தொடர்ந்து நினைவகமும் மாளும். மாண்ட சில்லை மாத்திரம் மாற்றிப் பொறியை இயக்குபவர் புதிய சில்லையும் பலிகொடுப்பர். அதனாலேயே அனுபவமுடையார், திரையில் என்ன தோன்றினும், முதலிற் பன்மானியை எடுத்து மூன்று வோல்ற்றளவுகளையும் அளந்த பின்னரே பற்றாசுக்கோலைச் சூடாக்குவர். எளிய விதிதான், ஆயினும் மீறப்பட்ட விதிகளுள் இதற்கு நிகரானது அரிது.

அமெரிக்காவில் 1982 ஓகஸ்ற்றில் 595 டொலர் விலையில் விற்பனைக்கு வந்த கொமடோர் 64 இன் கதை வேறு வகையானது. அதன் பகை பொறிக்கு வெளியே இருந்தது. அதனோடு வந்த மின்வழங்கிப் பெட்டி பிசின் ஊற்றி இறுக்கப்பட்டது. திறக்கவும் இயலாது, வெப்பம் தணியவும் வழியில்லை. முதுமையுற்ற வழங்கியின் சீராக்கி தளரும்பொழுது ஐந்து வோல்ற்று நிற்கவேண்டிய இடத்தில் அளவு மீறி எழும். நினைவகச் சில்லுகள் முதற்பலியாகும். திரை கருமையாய் நிற்கும். சில்லுகளை விரலாற் றொட்டுப் பார்த்து, மற்றவற்றினும் மிகச் சுடுவதைக் குற்றமுடையதென ஐயுறுவது அக்கணினியைச் செப்பனிடுவாரின் பழைய வழக்கம். ஐயத்திற்குரிய சில்லின் முதுகில் நல்லதொன்றை ஏற்றிப் பார்ப்பதும் உண்டு. இம்முறை சிலவேளை பலிக்கும், சிலவேளை ஏமாற்றும். 1982இல் வெளிவந்த அக்கணினியின் நிரலாளர் கைந்நூலில் முழு மின்சுற்றுப்படமும் மடித்து வைக்கப்பட்டிருந்தமை பிற்காலத்தார்க்குப் பேருதவியாயிற்று. 1978இல் அப்பிள் 2 இன் கைந்நூலும் அவ்வாறே செய்தது. பொருளை விற்றவர் அதன் உள்ளமைப்பையும் வாங்கியவர்க்குக் கையளித்த காலம் அது. ஆனால் ஒலியெழுப்பும் சில்லு முதலியவற்றைக் கொமடோரின் சொந்தச் சில்லு நிறுவனமே செய்துவந்தது. கொமடோர் 1994 ஏப்பிரலில் முறிந்தது. பின்னர் ஒரு பொறியை வாழ்விக்க மற்றொரு பொறியைப் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று.

ஒரு பழுதுமின்றிப் பெட்டியுள் உறங்கிய பொறியையும் காலம் விடுவதில்லை. மின்பகுபொருட் கொள்ளளவிகள் உலரும் அல்லது கசியும். 1981 திசெம்பரில் ஏக்கோர்ண் நிறுவனம் வெளியிட்ட பி.பி.சி. கணினியின் மின்வழங்கியில் தாளைக் காப்பாகக் கொண்ட கொள்ளளவிகளுண்டு. அவற்றின் உறை வெடிப்புற்று ஈரம் புகுந்தபின், பல்லாண்டு கழித்து ஒருநாள் மின்னூட்டியதும் நாற்றமுடைய புகை கிளம்பி அறையை நிறைக்கும். 1991இல் வந்த அமிகா 500 பிளசில் நேரங்காக்கும் நிக்கல்–கதமியக் கலம் கசிந்து, அதன் காரம் செப்புத் தடங்களை அரித்துவிடும். காரத்தை வினாகிரியால் நடுநிலையாக்கிக் கழுவுவது வீட்டார் அடுக்களையிலேயே செய்யத்தக்க பரிகாரம். மஞ்சளித்த பிளாத்திக்கு உறையை ஐதரசன் பேரொட்சைட்டும் ஊதாக்கடந்த ஒளியும் கொண்டு வெளுக்கும் முறை 2008 முதற் பரவியது. அழகு கருதிச் செய்யும் இதனைச் செப்பனிடுதலோடு ஒப்ப வைத்தல் பொருந்தாது.

இங்கே வரலாற்று மாணவர் கருதவேண்டிய வினா ஒன்று எழுகின்றது. கொள்ளளவியை மாற்றி, நினைவகத்தை மாற்றி, விசைப்படலத்தை மாற்றி, தருக்கச் சில்லையும் மாற்றியபின் எஞ்சுவது 1982இன் பொறியா, அதன் வடிவில் அமைந்த வேறொன்றா? இரு சாரார் இருவகையாக விடையிறுப்பர். இயக்காது காப்பதே காப்பு என்பார் ஒரு சாரார். அவர்கள் கூற்றில் வன்மையுண்டு. கவிழ்ந்த கரப்பானை 'அழகுபடுத்தி' நீக்கிய ஒருவர், அவசரமாகச் சந்தைக்கு வந்த பொறியின் நேர்ச்சான்றை அழித்தவராவார். கல்வெட்டைச் சாந்து பூசி மறைத்தவர்க்கும் அவர்க்கும் வேற்றுமை சிறிதே. இயக்கிக் காட்டாத கணினி வெறும் பெட்டியே என்பார் மறுசாரார். பிரித்தானியக் கணினிச் சங்கமும் இலண்டன் அறிவியல் அரும்பொருட்சாலையும் இணைந்து 1989இல் நிறுவிய கணினிப் பேணற் சங்கத்தின் முயற்சிகள் இவ்வழியைச் சார்ந்தன. மஞ்செஸ்ரரின் 1948ஆம் ஆண்டுக் கணினி 1998இல் மீளக் கட்டப்பட்டு இயங்கியது அதன் பெரும் பயன்களுளொன்று.

புதிய கணினியிற் பழையதைப் போலியாக இயக்கும் நிரல் இருக்கப் பழம்பொறி எதற்கு என்பாரும் உளர். இவ்வாதம் மேலோட்டமானது. ஸ்பெக்ரத்தின் தருக்கச் சில்லு திரையை வரையும் நேரங்களிற் கீழ் நினைவகத்தை வேண்டிய மையச் செயலகத்தைக் கணநேரம் நிறுத்திவைக்கும். அக்கால அளவைக் கணக்கிட்டே நிரலாளர் பலர் தம் காட்சிகளை அமைத்தனர். அதனைத் துல்லியமாக அளப்பதற்கு உயிருள்ள பொறி வேண்டும். போலி நிரலின் மெய்ம்மைக்குச் சான்று மூலப்பொறியேயன்றி வேறில்லை. எனவே இயக்குதல் வேண்டும். ஆனால் நீக்கிய உறுப்பை எறியாது, என்ன மாற்றப்பட்டதென்று எழுதி, பொறியோடு வைத்தே இயக்குதல் வேண்டும்.

தருக்கச் சில்லின் கதை இவ்வினாவை இன்னும் கூர்மையாக்கிற்று. சிங்கிளயரின் கணினித் தொழில் 1986இல் ஐம்பது இலட்சம் பவுணுக்கு அம்ஸ்ராட் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. 1993இல் டண்டீத் தொழிற்சாலை நீண்ட வேலைநிறுத்தத்தின் பின் மூடப்பட்டது. அதே ஆண்டில் பெரான்ரியும் வீழ்ந்தது. சில்லைச் செய்தவரும் இல்லை, செய்யும் இடமும் இல்லை. அந்நிலையிற் கிறிஸ் சிமித் என்பவர் அச்சில்லின் உள்ளே சிலிக்கனில் அமைந்த சுற்றுகளைத் தடந்தடமாக ஆராய்ந்து, அதன் முழு அமைப்பையும் 2010இல் நூலாக வெளியிட்டார். மூலச் சில்லின் இடத்திற் செருகத்தக்க மாற்றுச் சில்லுகளும் பின்னர் வந்தன. அவற்றைப் பொருத்துவதற்காக அட்டையைத் திறப்பவர் சிலவேளை தமக்கு முன் வந்த ஒருவரைக் கண்டுகொள்வர். எட்டு நினைவகச் சில்லுகளுள் ஒன்றிற்கு மாத்திரம் தாங்கி இடப்பட்டிருக்கும். ஒரு திரான்சிற்றரைச் சுற்றிக் கைப்பற்றாசு திரண்டு நிற்கும். அருகிலுள்ள தடம் சற்றுக் கருகியிருக்கும். அவற்றைத் துடைத்தெடுக்காமல் விட்டுவிட்டு, அறிந்தோர் தருக்கச் சில்லை மாத்திரம் மாற்றி உறையை மூடுவர்.